வேறு மகள் இல்லை என்று எழுதிக் கொடுத்தது

பிள்ளைகளே, உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் ஒன்பதாவது வரை படித்தவன். ரவிக்கைக்கு அளவு குறிப்பதைத் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். பெரியவள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனது, மாப்பிள்ளைக்கு வேலை பர்மிட் இல்லை என்று சொன்னது, பிறகு கிடைத்தது, எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நடுவில் இந்த வீட்டில் பகல் வேளையில் நடந்தது மட்டும் உங்களுக்குத் தெரியாது. ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள், ஒருத்தன் அரக்கோணத்தில் காலேஜில் இருந்தான். இருந்து கேட்டவன் நான் ஒருவன்தான். பாதிக்கு மேல் பெரியவளைப் பற்றியது என்பதால் அவளைப் பார்த்தே ‘நீ’ என்று பேசிவிடுகிறேன். சின்னவன் கோபித்துக்கொள்ளாதே.

உனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து ஆர்.கே.பேட்டை அத்தை மகனை ‘பாவா’ என்றுதான் கூப்பிட்டாய். நம் பக்கம் பாதி வீடுகளில் அப்படித்தான். அவனையே உனக்குக் கட்டி வைத்த பிறகும் அந்தக் கூப்பாடு மாறவில்லை. “இன்னும் இன்னாடி பாவா கீவான்னு, ஊரே சிரிக்குது” என்று உன் அம்மா திட்டுவாள். “வேற எப்டிமா கூப்பிடறது, வாயில வரமாட்டேங்குது” என்பாய். சின்னவனும் அவனைப் பாவா என்றுதான் கூப்பிடுகிறான். அவனுக்கு இப்போது அக்காள் புருஷன் என்கிற முறையும் சேர்ந்துவிட்டது. அத்தை மகனுக்கும் அந்தச் சொல்தான், அக்காள் புருஷனுக்கும் அந்தச் சொல்தான். இதை நம்மில் யாரும் உட்கார்ந்து யோசித்ததே கிடையாது.

ஆனி முகூர்த்தத்தில் மலைமேல் கோயிலில் தாலி கட்டினான். கீழே வந்து ரிஜிஸ்டர் செய்தோம். ஆவணியில் நீ விமானம் ஏறினாய். இரண்டு வருஷ மேல்படிப்பு என்பதால் புருஷனும் கூட வந்து வேலை செய்யலாம், அதற்கு அவன் பெயரில் தனி பர்மிட் போட வேண்டும் என்று சென்னையில் இருந்த ஏஜென்ட் சொன்னார். “நீ முன்னால போம்மா, அவரு பின்னாலயே வந்துடுவாரு” என்றார். பின்னாலேயே என்றால் அடுத்த பஸ்ஸில் வருவது போல நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

நீ தங்கிய அறை பூமிக்குக் கீழே. மேலே ஒரு பஞ்சாபிக்கார அம்மாள், வீட்டுக்காரி. போன இரண்டாம் வாரமே போனில் அழுதாய்.

“சத்தமே இல்ல நைனா. காதுல பஞ்சு வெச்சி அடைச்சா மாதிரி கீது. கண்ண மூடவே பயமா கீது.”

“இன்னாமா பண்றது?”

“போன கட் பண்ணாத. நம்ம வூட்டு அலமாரி மேல வெச்சிடு. நீ பாட்டுக்கு மிஷின் மிதி. நான் கேட்டுக்கினே தூங்கறேன்.”

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. உனக்கு ராத்திரி ஆகும்போது இங்கே காலை வெயில் ஏறிவிடும். உன் அம்மா பள்ளிக்கூடத்து சத்துணவுக்குப் போவாள், சின்னவன் ரயிலுக்கு ஓடுவான். நான் போனைப் பொட்டுக்கடலை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு மிஷினில் உட்காருவேன். மோட்டார் மாட்டியிருந்தேன், உனக்காகக் கழற்றிவிட்டு மறுபடி காலால் மிதித்தேன். மோட்டார் சத்தம் வேறு என்றாய். தூளியில் கிடந்தபோதும் நீ இந்த மிதிச் சத்தத்தில்தான் தூங்குவாய்.

சன்னலுக்கு வெளியே தெரு வெள்ளை வெளேரென்று காயும். மலைமேல் மைக்கில் பாட்டு ஓடும். டப்பாவின் மேல் மட்டும் ஒரு உள்ளங்கை அளவுக்கு ராத்திரி சாய்ந்து நிற்கும். அதிலிருந்து உன் மூச்சு வரும். முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிள்ளை பக்கத்து அறையில் படுத்திருப்பது போலிருந்தது. போகப்போக அந்தக் கறுப்பை நேராகப் பார்ப்பதை விட்டுவிட்டேன். துணியைப் பார்த்துத் தைப்பேன், காது மட்டும் அங்கே இருக்கும்.

ஒரு நாள் ரவிக்கை கொடுக்க வந்த பக்கத்துத் தெரு அம்மாள் கேட்டாள்: “இன்னாண்ணா, செத்துப்போன போனை வெச்சிகினு அதுக்கு எதிருல குந்திகினு தைக்கற?”

“செத்துப்போகலம்மா. தூங்குது” என்றேன்.

அந்த நேரம் நீ புரண்டு ஒரு பெருமூச்சு விட்டாய். அந்த அம்மாள் அளவுகூடக் கொடுக்காமல் துணியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஐப்பசியில் பர்மிட் ஆபீஸிலிருந்து கேட்டார்கள்: இவர்கள் உண்மையான புருஷன் பெண்டாட்டிதானா, அதற்கு அத்தாட்சி அனுப்பு. கல்யாணப் படங்கள், நீயும் மாப்பிள்ளையும் போனில் எழுதிக்கொண்டது, நம் குடும்பக் குரூப்பில் எழுதியது, எல்லாவற்றையும் ஏஜென்ட் வாங்கினார். இங்கிலீஷில் மாற்ற ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தார். அவர் தெற்கே தூரத்து ஊர்க்காரராம். முத்திரை போட்டு அனுப்பியாயிற்று. மார்கழி பிறந்த பிறகு பதில் வந்தது. அன்றைக்கு லீவு, சின்னவன்தான் அடுப்படியில் நின்று படித்தான்.

“நைனா, இல்லன்னுட்டாங்க.”

“ஏன்டா?”

“அக்கா அவர ‘எங்க அக்கா வூட்டுக்காரரே’ன்னு கூப்பிடறாளாம். எல்லா மெசேஜுலயும் அப்டித்தான் மாத்தி எழுதிக்கீது. அப்போ இவரு அவளோட அக்கா புருஷன்தான, அவ புருஷன்னு எப்டி நம்பறதுன்னு போட்டுகிறாங்க.”

மாவு கரைத்துக்கொண்டிருந்த உன் அம்மா கையை நிறுத்தினாள். “யாருடா அக்கா?”

“அதான் அவங்களும் கேக்கறாங்க.”

“எனக்குத் தெரியாம எனக்கு இன்னொரு பொண்ணா? உங்க நைனாவக் கேளு. நூல்கண்டு வாங்கறேன்னு கனகம்மாசத்திரம் போயிட்டு பொழுது சாய வருவாரே, அப்பவே நெனச்சேன்.”

“அம்மா, நீ பெக்காம எப்டிமா எங்களுக்கு அக்கா?”

“போடா, எனக்கு இன்னா தெரியும்!”

கிடைக்கவில்லை என்ற கவலையிலும் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அலமாரியிலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. நீ விழித்துக்கொண்டாய் என்று சின்னவன் போய் எட்டிப் பார்த்தான். “அக்கா! அக்கா!” என்று இரண்டு தரம் கூப்பிட்டான். திரை கறுப்பாக இருந்தது. ஒரே சீராக மூச்சு வந்தது. “தூக்கத்துல சிரிக்கிறா” என்று திரும்பி வந்தான்.

சின்னவனுடைய மெசேஜில் அந்த மாற்றம் சரிதான். அவனுக்கு அக்காள் புருஷன்தானே. மொழிபெயர்த்தவர் உன்னுடையதிலும் அதையே போட்டுவிட்டார். அவர் ஊரில் இந்தச் சொல் கிடையாது, எதையோ பார்த்துப் போட்டிருக்கிறார். மனிதரைக் கோபித்து என்ன செய்வது?

மறுநாள் மாப்பிள்ளை வந்தான். கல்யாணப் படங்களை எடுத்துத் தரையில் பரப்பினான். “இதையெல்லாம் பாத்துமா மாமா நம்பல?” என்றான். நாங்களும் குனிந்து பார்த்தோம். அன்று மலையில் எத்தனை கல்யாணம், உங்களுக்குத் தெரியும். நிற்க இடமில்லை. தாலி கட்டும் படத்தில் உனக்குப் பின்னால் இன்னொரு கல்யாணப் பெண் நிற்கிறாள். உன் சேலை நிறமே, மாம்பழ மஞ்சள். அவளுடைய முகத்தில் பாதியை உன் தலைப்பூ மறைக்கிறது. மிச்சப் பாதி மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீயோ தலையைக் குனிந்து தரையைப் பார்க்கிறாய். இத்தனை நாளும் அவள் எங்கள் கண்ணில் பட்டதே இல்லை.

“இதோ கீறா பாரு அக்கா” என்றான் சின்னவன் விளையாட்டாக. மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

மறுபடி விண்ணப்பம் போடும்போது அந்தப் படத்தில் அவளை வெட்டிவிடலாம் என்று ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரில் அவளை எடுத்துவிட்டார்கள். உன் தோளோரம் அவளுடைய இரண்டு விரல் மட்டும் நின்றுவிட்டது. அதையும் எடுத்தால் உன் தோள் போய்விடும் என்றார் ஸ்டுடியோக்காரர். அந்தப் படத்தை அனுப்பவில்லை.

அந்தக் குளிரில்தான் நீ மாறிப்போனாய். வாய்விட்டுச் சொல்லமாட்டாய், ஆனாலும் தெரிந்தது. சாப்பிடும்போது காட்டுவாய், எதிரில் இரண்டு தட்டு இருக்கும். “யாருக்குமா?” என்றால் “சும்மா, கை பழக்கம்” என்பாய். ஒரு நாள் உன் அம்மாவிடம், “குளிர் முடியறதுக்குள்ள பாவா வரலன்னா படிப்ப உட்டுட்டு வந்துடறேன்மா. இங்க நான் மட்டும் இல்லன்னு தோணிகினே கீது” என்றாய். உன் அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். வந்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. எவ்வளவு ஆசைப்பட்டுப் போனாய் என்று நினைத்து விழுங்கினேன். அப்போது எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. அவன் போய்ச் சேர்வதற்குள் என் பிள்ளை என் பிள்ளையாக இருக்க வேண்டும்.

தை மாதம், முற்பகல். வீட்டில் நான் மட்டும். யூனிபாரம் தைத்துக்கொண்டிருந்தேன். அலமாரியிலிருந்து நீ பேசினாய்.

“அந்தாண்ட தள்ளிப் படு.”

என்னிடம் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரல். கொஞ்சம் பொறுத்து, “இது என் போர்வ” என்றாய். பிறகு சிணுங்கலாக, “செரி வாக்கா” என்றாய். கட்டில் முனகியது. ஒரு ஆள் ஏறிப் படுத்தால் எப்படி முனகுமோ அப்படி.

நான் மிதிப்பதை நிறுத்தினேன். என் மிஷின் நின்றுவிட்டது. போனுக்குள் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இங்கிருந்து போகிற சத்தம் கொஞ்சம் பின்தங்கித்தான் போகும், அங்கே பட்டுத் திரும்பியும் வரும் என்று சின்னவன் சொல்லியிருக்கிறான், தெரியும். ஆனாலும் அன்று அது நிற்க நேரமெடுத்தது. மெதுவாக மிதித்து, நிறுத்தி, நூலை அறுக்கிற இடைவெளி விட்டு, மறுபடி கொஞ்சம் மிதித்து, அப்புறம்தான் ஓய்ந்தது. நான் வெயிலில் போய் நின்றேன். கைலி முனையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே நீ சொன்னாய், மேல்வீட்டு அம்மாள் கோபமாகக் கேட்டாளாம்: ஒருத்திக்குத்தானே அறை கொடுத்தேன், ராத்திரி இரண்டு பெண்கள் பேசுகிற சத்தம் வருகிறதே, உன் அக்கா வந்திருக்கிறாளா?

“அக்கான்னா கேட்டாங்க?” என்றேன்.

“ஆங் நைனா. தீதீ வந்துகிறாளான்னு கேட்டாங்க. தீதீன்னா அக்காதான? நம்ம வூட்டு சத்தம்தான் போன்ல கேட்டிருக்கும். அம்மா பேசறதா இருக்கும்.”

ஆமாம் என்றேன். அந்த நேரத்தில் உன் அம்மா பள்ளிக்கூடத்தில் இருப்பாள் என்பதை நான் சொல்லவில்லை.

மறுபடி விண்ணப்பம் போட, முறைப் பெயரை விளக்கி ஒரு கடிதமும், பெற்றவன் சத்தியம் செய்து கொடுக்கிற அபிடவிட்டும் வேண்டும் என்றார் ஏஜென்ட். கடிதத்தைச் சின்னவனும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து அடித்தார்கள். அபிடவிட்டுக்கு நான் கோர்ட்டுப் பக்கம் நோட்டரி வக்கீலைப் பார்க்கப் போனேன். காலை வேளை, நீ தூங்குகிற நேரம். லைனை வெட்ட மனமில்லாமல் போனைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டேன். பஸ் சத்தமும் தெருச் சத்தமும் உனக்குக் கேட்கட்டும் என்று நினைத்தேன்.

வக்கீல் நல்ல மாதிரி. தகரக் கொட்டகைக்குக் கீழே டைப் அடிக்கிறவர், எதிரில் நான். அடித்து முடித்ததை வக்கீல் சத்தமாகத் தமிழில் சொல்லிக் காட்டினார். “மேற்படி நபர் எனது உடன்பிறந்த சகோதரியின் மகன். எனது மகள் அவரைச் சிறு வயது முதல் பாவா என்று அழைப்பது எங்கள் வழக்கம். எனக்கு ஒரு மகளும் ஒரு மகனும் மட்டுமே. எனக்கு வேறு மகள் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.”

“ஏன் நைனா?”

என் பையிலிருந்து வந்தது. உன் குரல்தான். ஆனால் அழவில்லை, கோபமில்லை. வெளியே கூட்டிப்போகமாட்டேன் என்று சொன்னால் சின்னக் குழந்தை கேட்குமே, அந்த மாதிரி.

வக்கீல் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “யாருங்க அது?”

“என் பொண்ணுங்க. தூங்கறா.”

“எந்தப் பொண்ணு?”

டைப் அடிக்கிறவர் சிரித்துவிட்டார். “சார், இப்பத்தான ஒண்ணே ஒண்ணுன்னு அடிச்சோம்.”

வக்கீலும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. என் பையைப் பார்த்துக்கொண்டே “கையெழுத்து போடுங்க” என்று தாளைத் தள்ளினார். பேனாவை எடுத்தேன். எழுதியிருப்பது அத்தனையும் உண்மை. மலைமேல் போய்க் கற்பூரம் அணைத்தும் சொல்வேன். ஆனாலும் பேனா தாளில் படுவதற்குமுன் ஒரு கணம், யாரையோ வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துவது போலிருந்தது. போட்டுவிட்டேன். பையிலிருந்து வேறு சத்தம் வரவில்லை. வெளியே வந்து காதில் வைத்துக் கேட்டேன். உன் மூச்சு மட்டும் இருந்தது.

சாயங்காலம் நீயே கூப்பிட்டாய். முகம் தெளிந்திருந்தது.

“எத்தினியோ நாளைக்கி அப்பறம் நல்லா தூங்கினேன் நைனா.”

“தூக்கத்துல ஏதாச்சும் பேசினியாமா?”

“நானா? இல்லயே. ஆனா ஒண்ணு, இன்னிக்கி கட்டில் ரொம்ப அகலமா கீது.”

சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். நான் ஆங் என்று வைத்துவிட்டேன்.

பங்குனியில் பர்மிட் வந்தது. மாப்பிள்ளை தாளைக் காட்ட ஓடி வந்தபோது செருப்பை எங்கே கழற்றினான் என்று அவனுக்கே தெரியவில்லை. போகிற நாளில் உன் அம்மா புளிக்காய்ச்சலை அழுத்தி அழுத்திக் கட்டிக் கொடுத்தாள். “அங்க போயாவது பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லு மாப்பிள்ள. இன்னொரு வாட்டி ஆபீஸ்ல மாட்டிக்கப் போறீங்க” என்றாள். “பாவா, நீ மறந்துபோயி அவள அக்கான்னு கூப்ட்டுடாத” என்று சின்னவன் வம்பிழுத்தான். ஸ்டேஷன் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனோம்.

நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து பேசிய முதல் நாள் நான் பார்த்தது தட்டைத்தான். இரண்டு தட்டு, இரண்டிலும் சோறு. எனக்கு அது போதும். பேச்சுவாக்கில் நீ சொன்னாய்: “மேல்வூட்டம்மா இன்னிக்கி கேக்கறாங்க நைனா, அந்தப் பொண்ணு போயிட்டாளான்னு. எதுக்கு வம்புன்னு, ஆங், போயிட்டான்னு சொல்லிட்டேன்.”

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நாளைக்கு உங்கள் பிள்ளைகள் உங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிட்டாலும், அந்தச் சொல்லுக்குள் வேறு யார் இருக்கிறார்கள் என்று ஒரு தரம் நினைத்துப் பாருங்கள் என்பதற்காகத்தான். பெரியவள் நன்றாக இருக்கிறாள். இப்போது அவளும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டே தூங்கிவிடுகிறார்கள், நம் வீட்டுச் சத்தம் தேவையில்லை. மோட்டாரை மறுபடி மாட்டிவிட்டேன். வேலை சீக்கிரம் முடிகிறது.

போன வெள்ளிக்கிழமை உங்கள் அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு, மோட்டார் பெல்ட்டைக் கழற்றினேன். யாருக்கும் போன் போடவில்லை. அணைத்த போனை எடுத்து, பொட்டுக்கடலை டப்பாவில் பழையபடி சாய்த்து வைத்தேன். ஊசியிலிருந்து நூலை உருவினேன். துணி வைக்கவில்லை. மிஷினில் உட்கார்ந்து, தூளிக்கு மிதிக்கிற மாதிரி மெதுவாக, கொஞ்ச நேரம் மிதித்துக்கொண்டிருந்தேன்.